பூண்டு அறைக்குள் வந்த எஞ்சின்

அந்த எஞ்சின் எங்கள் வீட்டுக்குள் வந்த காலையில் மேகம் இறங்கி கொடைக்கானல் பஜாரையே மூடியிருந்தது. எதிர்க்கடை தெரியவில்லை. முதலில் ஒரு தலைப்பாகை தெரிந்தது, அப்புறம் ஒரு மூங்கில், அப்புறம் அந்த மூங்கிலில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்ட, எண்ணெயும் அழுக்கும் அப்பிய ஒரு கறுத்த இரும்பு மொத்தை. நான்கு ஆட்கள் மூச்சு வாங்க அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே என் கணவர், ஏதோ மாப்பிள்ளை ஊர்வலத்தை நடத்திக்கொண்டு வருகிறவர் முகத்தோடு வந்தார்.

வாசலை மறித்துக்கொண்டு நின்றவர் என் மாமி. மாமியாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏலே காதரு, யாரையாச்சும் கொன்னுட்டு வாறியா?"

"எஞ்சினும்மா."

"எஞ்சினுன்னா காருக்குள்ள கெடக்க வேண்டியதுதான? வீட்டுக்குள்ள என்ன சோலி அதுக்கு?"

"செத்துக் கெடக்கும்மா. பிரிச்சுப் பூட்டி ஓட வைக்கணும்."

"ஆரு? நீயா?"

மாமி கேட்டதில் தப்பில்லை. என் கணவர் மளிகைக் கடைக்காரர். அதுவரை அவர் பிரித்துப் பார்த்த ஒரே இயந்திரம், கடையில் தொங்கிய காஸ் விளக்கு. அதையும் திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு திருகு மிச்சம் விழுந்தது. விளக்கு எரிந்ததால் அந்தத் திருகைத் தேவையில்லாதது என்று முடிவு செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்ட மனிதர் அவர்.

மாமி பெருமூச்சு விட்டு வழிவிட்டார். எஞ்சின் போய் இறங்கியது பூண்டு அறையில்.

மாமியின் சட்டம்

பூண்டு அறையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

கடைக்குப் பின்னால், அடுப்படிக்கு ஒட்டிய நீள அறை அது. வில்பட்டியிலிருந்தும் வடகவுஞ்சியிலிருந்தும் மலைப்பூண்டு மூட்டைகள் வந்து இறங்கும். உத்தரத்திலிருந்து பூண்டுக் கொத்துகள் வரிசை வரிசையாகத் தொங்கும். நடு உத்தரத்தில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. அடுப்புப் புகை அந்த அறை வழியாகத்தான் வெளியே போகும். அந்த வாசனை எங்கள் துணியில், தலையணையில், கல்யாணப் பட்டில்கூட இருந்தது. கொடைக்கானலுக்கு வாழ்க்கைப்பட்ட புதிதில் எனக்கு அது குமட்டியது. இன்று எங்காவது அந்த வாசனை வந்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த அறைக்கு மாமி போட்ட சட்டம் ஒன்று உண்டு. கலந்த பூண்டு பொழுது சாய்ந்த பின் தரையில் கிடக்கக் கூடாது. பெரிசு, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்துக் கட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கலந்து கிடந்தால் பொடி வியர்த்து அழுகிப் பெரிசையும் கெடுத்துவிடும் என்பார். மூட்டை கொண்டுவரும் வில்பட்டிப் பெண்களும் கூட உட்கார்ந்து பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் அந்தக் கைகள் தரம் பிரித்துவிடும்.

கார் எங்களுக்கு எப்படி வந்தது என்றால், சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை அதைக் கொட்டகையில் அப்படியே விட்டுப் போயிருந்தார். பல மழைக்காலம் அது அங்கேயே நின்று, எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் அசையவே அசையாது. அதைத்தான் என் கணவர் சல்லிசாக வாங்கியிருந்தார். யுத்த காலம் வேறு. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் பட்டாளத்து லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். பூண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு மலையிறங்க ஒரு வண்டி இருந்தால் நல்லது என்பது என் கணவரின் ஆசை. அதற்குமேல் அவசரம் ஒன்றும் அவருக்கு இல்லை.

பெரியகுளத்துச் சேதி

அவசரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. எஞ்சின் வந்து இறங்கிய வாரமே பெரியகுளத்திலிருந்து எனக்கு மாமா முறையுள்ள ஒரு வியாபாரி கடைக்கு வந்தார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பாத்து, ஒங்க அத்தாவுக்கு வலப்பக்கம் விழுந்துபோச்சும்மா. பேச்சும் கொழறுது. ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டு கெடக்காக. வெரசா வரச் சொன்னாக."

எனக்குத் தாயில்லை. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் தகப்பனார் மட்டும்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் முகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன்.

அத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டார் ரோடு போடுவதற்கு முன்னால் பெரியகுளத்திலிருந்து வெள்ளகவி வழியாக ஒற்றையடிப் பாதையில்தான் கொடைக்கானலுக்குச் சாமான் வரும். துரைமார்கள் டோலியில் ஏறி வருவார்கள். அவர்கள் தின்கிற மாவும் சீனியும் அத்தாவின் மட்டக்குதிரைகளில் ஏறி வரும். அந்த வழியில்தான் அவருக்கு இந்தக் கடைக்காரர்களோடு பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் நான் இங்கே மருமகளானேன்.

மலைக்கு மோட்டார் ரோடு வந்ததும் அத்தாவின் தொழில் படுத்துவிட்டது. குதிரைகள் ஒவ்வொன்றாகப் போயின. "அந்த மோட்டாரு எங் குருதைகளத் தின்னுபோட்டுச்சு" என்பார். எங்கள் தெருவில் கார் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வாழ்நாளில் ஒரு மோட்டாரில் அவர் ஏறியதில்லை. என் கல்யாணத்துக்கும் அந்தப் பழைய பாதையில் நடந்தேதான் வந்தார், அந்த வயதில்.

நான் எப்படிப் போவது? பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. ஓடிய ஒன்றிரண்டு பஸ்களும் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தக் கரி வாயுவில் ஓடின. கூரை மேலேயும் ஏணி மேலேயும் ஆட்கள். மாமி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

"ஆம்பளைக மடியில உக்காந்தா போவா? எம் மருமகள அந்தக் கரிச்சட்டியில ஏத்த மாட்டேன்."

பழைய பாதையோ மழையில் வழுக்கிக் கிடந்தது. டோலி தூக்க ஆளும் இல்லை. அன்று மதியம் என் கணவர் பூண்டு அறையில் எஞ்சினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவாத புள்ள. இதுலயே போயிருவோம்" என்றார்.

அந்த இரும்பைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அழுதேன்.

உள்ளே இருந்தது

மூட்டை நிறுக்கிற தராசுக் கயிற்றில் எஞ்சினை மாட்டி உயர்த்தி, பலகை மேல் உட்கார வைத்தார். படிக்க ஒரு தாள் கிடையாது. ஒரு லாரி டிரைவர் கடையில் பீடி வாங்க வரும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார். அதுதான் எங்கள் படிப்பு. எங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாம் நாளே என் கணவரின் கை நுழையாத சந்துகளில் என் கை நுழைந்தது. கொலுசுத் திருகாணியைக் கழற்றிப் பழகிய விரலுக்கு எஞ்சின் திருகு ஒன்றும் பெரிய விஷயமில்லை. மாமி இரண்டொரு தடவை முணுமுணுத்தார். பெரியகுளம் என்ற பேச்சை எடுத்ததும் பேசாமல் போய்விட்டார்.

மேல் மூடியைக் கழற்றியதும் நான்கு குழிகள் தெரிந்தன. அதில் இரண்டில் துரு, செம்மண் சகதி மாதிரி. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப் போட்டோம். தினமும் வெள்ளனே எழுந்து முதல் வேலையாக அதைத்தான் போய்ப் பார்ப்பேன். பிறகு உலக்கையின் நுனியில் துணி சுற்றி, என் கணவர் மெதுவாகத் தட்டுவார். மாமியின் உலக்கை அது. அதற்கப்புறம் இடித்த மாவில் எல்லாம் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடித்தது தனிக்கதை.

ஒரு நாள் தட்டும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். குழிக்குள் இருந்த பிஸ்டன் இறங்கியது. அவர் பதறிப்போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார்.

எனக்கு இன்றைக்கும் அது கண்முன் நிற்கிறது. நான்கு குழிகளிலும் நான்கு பிஸ்டன்கள் அசைந்தன. இரண்டு ஏறும்போது இரண்டு இறங்கின. பெண்கள் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்தும்போது ஒரு உலக்கை இன்னொன்றை இடிக்காது பாருங்கள், அந்த மாதிரி. யார் இதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? பல வருஷம் துருவில் கிடந்த பிறகும் முறை மறக்காமல் இருக்கிறதே! நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மச்சான், இதுல எங்கன மச்சான் நெருப்பு?"

"இந்தக் குழிக்குள்ளதான் பெட்ரோலு வெடிக்கும். ஒவ்வொண்ணா, வரிசையா."

"வெடிச்சா ஒடையாதா?"

"ஒடையாம இருக்கத்தான் இம்புட்டுக் கனம்."

அதுவரை கார் என்றால் எனக்கு ஹாரன், புழுதி, துரைசானியின் தொப்பி இவ்வளவுதான். வெடியை விழுங்கி விழுங்கி அதைச் சக்கரமாகச் சுற்றுகிற ஒரு ஜந்து அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்று நான் தொழுகையில் உட்கார்ந்தபோது, மனிதனுக்கு இப்படி ஒரு அறிவைக் கொடுத்தவனை நினைத்து உடம்பு சிலிர்த்தது. இதை எழுதினால் சிரிப்பார்கள் என்று என் மருமகள் சொல்கிறாள். சிரிக்கட்டும்.

நான்கு முறங்கள்

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஒரு இரும்புக் கை உண்டு. அதற்கு ராடு என்று பெயர். ராடின் அடிப்பக்கம் அரை வட்டமாக இருக்கும். மற்ற அரை வட்டம் தனியே ஒரு மூடி. கிராங்க் என்கிற வளைந்த தண்டைச் சுற்றி இரண்டையும் சேர்த்து வைத்து முடுக்கினால் முழு வட்டம். நான்கு ராடு, நான்கு மூடி. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்குச் சேராது.

"எத வேணாலும் தொலைங்க பாய், ஜோடிய மட்டும் மாத்திராதீங்க. மாறுச்சுன்னா மலையில பாதி வழியில ராடு ஒடைஞ்சு எஞ்சினக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துரும்" என்று அந்த லாரி டிரைவர் சொல்லியிருந்தார்.

அதனால் என் கணவர் மாமியிடம் நான்கு முறங்களைக் கேட்டு வாங்கினார். ஒரு முறத்தில் ஒரு பிஸ்டன், அதன் ராடு, அதன் மூடி, அதன் போல்ட்டுகள். முறங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, பிஸ்டனுக்குப் புது வளையம் வாங்க மதுரைக்குப் போனார். போகும்போது என்னிடம் சொன்னார், "வந்ததும் பூட்டிரலாம் புள்ள. அடுத்த வாரம் நீ பெரியகுளத்துல இருப்ப."

அவர் திரும்பி வருகிற நாள், நான் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கிற வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு வந்து சேரும்போது அவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பூண்டு அறைக்குள் நுழைந்தோம்.

அறையை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை. வில்பட்டிப் பொன்னுத்தாயி அன்று பூண்டு கொண்டுவந்திருந்தாள். அவளும் மாமியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பளபளவென்று, எங்கள் எஞ்சின் தரம் பிரிந்து கிடந்தது. போல்ட்டுகள் பெரிசு ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல். மூடிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பிஸ்டனிலிருந்து ராடுகளைக்கூடப் பிரித்தெடுத்து, நான்கையும் பூண்டுக் கொத்து மாதிரி நாரால் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்ன லட்சணத்துல போட்டு வச்சிருந்தடா! மொறத்துக்கு மொறம் பெருசும் பொடியுமாக் கலந்து கெடந்துச்சு. நாலையும் கொட்டிப் பிரிச்சுட்டோம்" என்றார் மாமி.

"ஒரு பொடிகூடப் பெருசுல சேரலங்க" என்றாள் பொன்னுத்தாயி பெருமையாக.

என் கணவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த வளையப் பொட்டலத்தோடு அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அம்மா" என்றார்.

நான்தான் சொன்னேன், அழுதுகொண்டே, ஜோடி மாறினால் என்ன ஆகும் என்று. மாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. பேச்சில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. அன்று அவர் எழுந்து வந்து என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒங்க அத்தா மொகத்த மறைச்சவ நானாயிட்டேனேம்மா" என்றார்.

கீறல்

ஒரு ராடை எடுத்து, கைக்கு வந்த மூடியை வைத்துக் கிராங்கில் பூட்டிப் பார்த்தார் என் கணவர். இறுகிக்கொண்டு சுற்ற மறுத்தது. வேறு மூடி போட்டார். சுற்றியது, ஆனால் ஆடியது. இன்னொன்று சரி மாதிரி இருந்தது. மூடியைத் திருப்பிப் போட்டால் அதுவும் சரி மாதிரி இருந்தது. 'மாதிரி'யை நம்பி மலையிறங்க முடியுமா? அடையாளப் புள்ளி குத்தியிருப்பார்கள் என்று பின்னாளில் சொன்னார்கள். எங்கள் கண்ணில் அப்படி ஒன்றும் படவில்லை.

மறுநாள் பெரியகுளத்து மாமாவிடமிருந்து இன்னொரு சேதி. அத்தா கஞ்சி இறங்காமல் கிடக்கிறாராம்.

அன்று மதியம் மேகம் விலகி ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்தது. நான் ஒரு ராடை மடியில் வைத்துக்கொண்டு சும்மா அதன் உள்வட்டத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே வெள்ளி மாதிரி ஈயம் பூசியிருக்கும். பூண்டு காய்ந்ததா என்று நகத்தால் கீறிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. நகம் ஒரு இடத்தில் தட்டியது. மயிரிழை அளவு ஒரு கோடு, வளைந்து விளிம்பு வரை போய் நின்றது.

விளிம்போடு நின்ற கோடு எங்கே போயிருக்கும்?

மூடிகளை ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மூன்றாவது மூடியில் விளிம்பிலிருந்து ஒரு கோடு தொடங்கியது. அதை ராடோடு சேர்த்து வைத்தேன். கோடும் கோடும் தொட்டுக்கொண்டன. பக்கத்திலேயே இன்னும் இரண்டு மெல்லிய கோடுகள். அவையும் தப்பாமல் தொடர்ந்தன. மூடியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை.

நான் கூப்பிட்ட கூப்பாட்டில் மாமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். பொன்னுத்தாயி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஒரே பூண்டுல பிரிஞ்ச பல்லுகதாங்க இது. சேத்து வச்சாத் தானா ஒட்டிக்கிரும்."

என் கணவர் கிராங்கைத் துடைத்து வெயிலுக்குத் திருப்பினார். ராடு பிடிக்கிற நான்கு இடங்களில் ஒன்றில், அதே கோடுகள், அதே இடைவெளியில், வட்டமாகச் சுற்றியிருந்தன. என்றைக்கோ ஒரு மணல் பொடி எண்ணெயோடு உள்ளே போயிருக்கிறது. சுற்றிச் சுற்றி மூன்று இரும்பிலும் ஒரே கோட்டைப் போட்டிருக்கிறது. வேண்டாத குப்பை ஒன்று, யாரும் பார்க்காத இருட்டுக்குள், எது யாருடையது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

நான்கு ஜோடியும் அன்று மாலைக்குள் சேர்ந்துவிட்டன. பிஸ்டன்களைத் துருக்கறை வைத்து அடையாளம் கண்டோம். இதில் எங்களைவிட வேகம் மாமிதான். தரம் பிரிக்கிற கண் அல்லவா? "இது இதுக்குத்தான். இல்லன்னு ஆராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்று ஒவ்வொன்றையும் முறத்தில் வைத்தார். வைத்த முறத்தின் பக்கம் அன்றிலிருந்து ஒரு ஈயை விடவில்லை.

முதல் சத்தம்

கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருந்த காருக்குள் எஞ்சினை இறக்கிப் பூட்டியது கடைக்குப் பின்னால், பேரி மரத்தடியில். இந்தத் தடவை திருகு மிச்சம் விழவில்லை. ஒன்று குறைந்தது. காஸ் விளக்கிலிருந்து மிச்சம் விழுந்ததை என் கணவர் வைத்துப் பார்த்தார், சேரவில்லை. லாரி டிரைவரிடம் ஒன்று வாங்கிப் போட்டார்.

கைப்பிடியை அவர் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார். புகைக்குழாய் இருமியது. வில்பட்டிப் பெண்கள் மூட்டையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாமி பிஸ்மி சொல்லிக்கொண்டே இருந்தார். என் கணவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

வெடித்தது. முதலில் ஒன்று. அப்புறம் இடைவெளி விட்டு ஒன்று. அப்புறம் நான்கும் சேர்ந்து பிடித்துக்கொண்டு, இடைவெளியே தெரியாத ஒரே சத்தமாகிவிட்டது. விளக்கெண்ணெய் கருகின நீலப்புகை மேகத்தோடு கலந்தது. பேரி மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக உதிர்ந்தது. நான் மடியில் வைத்துத் துடைத்த இரும்பு, நகத்தால் தடவிய இரும்பு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதற்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மாமி அழுதார். பொன்னுத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என் கணவர் கரி பூசிய முகத்தோடு என்னைப் பார்த்துக் கத்தினார், சத்தத்துக்கு மேலே, "கெளம்பு புள்ள!"

மலையிறக்கம்

இனிமேல்தான் சிரிப்பு. இவ்வளவு பாடுபட்டு ஓட வைத்த எஞ்சினை, ஊர் எல்லை தாண்டியதும் அவர் அணைத்துவிட்டார்.

"என்ன மச்சான், நின்னுபோச்சா?"

"எறக்கந்தான? தானா உருளும். பெட்ரோலு என்ன வானத்துலருந்தா கொட்டுது?"

யுத்த காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். எங்களுக்கு இருந்த கூப்பனுக்குப் போகவும் வரவும் இழுத்துப் பிடித்தால் சரியாக இருக்கும். ஆகவே வெள்ளியருவி, பெருமாள்மலை, ஊத்து என்று மலை முழுவதும் சத்தமே இல்லாமல் உருண்டு இறங்கினோம். காற்று மட்டும் இரைந்தது. மாமி ஜன்னலுக்குக் கட்டிவிட்ட சேலைத் திரை படபடத்தது. பிரேக் கருகும் வாசனை வந்தால் நிறுத்தி, ஆற வைத்து, மறுபடி உருட்டுவார். பாதாளத்தைப் பார்க்காமல் நான் துப்பட்டியை முகத்தில் இழுத்துக்கொண்டேன். அடிவாரத்தில் காட்ரோடு வந்ததும் எஞ்சினைக் கிளப்பினார். அது ஒரே சுற்றில் கிளம்பியது. அதற்கப்புறம் தேவதானப்பட்டி, மாந்தோப்புகள், பெரியகுளம். ராடு உடையவில்லை.

எங்கள் தெரு குறுகல். வீட்டு வாசலை ஒட்டி, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினார். சொந்தக்காரர்கள் ஓடி வந்தார்கள். நான் உள்ளே ஓடினேன்.

அத்தா கட்டிலில் பாதியாகக் கிடந்தார். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இடக்கையைத் தூக்கினார். "தாயி" என்றார், குழறலாக. அப்புறம், "எப்டி வந்தே?"

"மோட்டாருல அத்தா."

கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் காதைச் சாய்த்துத் தெருவைக் கேட்டார். கட்டிலைக் காட்டி, வாசலைக் காட்டினார். நான்கு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், காரை ஒட்டிப் போட்டார்கள். அவர் இடக்கையை நீட்டி மட்கார்டின் மேல் வைத்தார். அது அதிர்ந்துகொண்டிருந்தது.

"மூச்சு விடுது" என்றார்.

என் கணவர் குனிந்து சொன்னார், "செத்துக் கெடந்துச்சு மாமா. ஒங்க மகதான் ஜோடி சேத்துக் குடுத்தா."

அத்தா என்னைப் பார்த்தார். கண்ணோரம் ஈரம் வழிந்தது. பிறகு என் கணவரிடம், "அணைச்சிராத" என்றார். அந்தக் கையை எடுக்காமலேயே கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

"தூங்கி எத்தன நாளாச்சு, தெரியுமா?" என்றார் பெரியகுளத்து மாமா. யாரும் அசையவில்லை.

என் கணவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அணைத்தால் அதிர்வு நின்றுவிடும், அத்தா விழித்துவிடுவார். சத்தம் தளரும்போதெல்லாம் காலால் லேசாக அழுத்தி உயர்த்தினார். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் அத்தாவுக்கு விசிறிக்கொண்டும் இருந்தேன். வெயில் சுவரில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், என் கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அந்த எஞ்சின் ஓடியது. பாங்கு கேட்டு அத்தா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். அப்போதுதான் என் கணவர் எஞ்சினை அணைத்தார்.

கீழே இறங்கி, பெட்ரோல் டாங்கியில் குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினார்.

"மலையேறப் பத்தாது புள்ள."

"இப்ப என்ன செய்ய?"

"அடுத்த கூப்பன் வரட்டும். நான் கரி பஸ்ல போயிக் கடையப் பாக்குறேன். நீ இரு."

"தெரிஞ்சேதான ஓட விட்டீங்க, மச்சான்?"

அவர் குச்சியைத் துடைத்தார். துடைத்த குச்சியையே மறுபடியும் துடைத்தார்.

"ஒங்க அத்தா தூங்கிக்கிட்டிருந்தாகள்ல" என்றார்.

அடுத்த கூப்பன் வருவதற்குள் அத்தா போய்விட்டார். கடைசியாக அவர் வாயில் தண்ணீர் விட்டது நான்தான்.